டேப்பின் மறுமுனை

போன மாதம் பம்பாய்க்கு அடுத்த ஐரோலியில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த வனக்காவலர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அந்தக் காலத்தில் சதுப்புக் காட்டை எப்படிக் காவல் காத்தீர்கள் என்று அரைமணி நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. அதனால் இரண்டு நாள் முன்னதாகவே பழைய காக்கிச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு மாட்டி வைத்தேன். அதைப் போட்டுக்கொள்ள இனி எனக்கு உரிமை இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்ப மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வெள்ளைச் சட்டையில் போனேன்.

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஆளுக்கொரு போன் வைத்திருக்கிறார்கள். படம் எடுத்தால் அதிலேயே இடமும் நேரமும் விழுந்துவிடுகிறது. நடக்க முடியாத சேற்றுக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டுப் பார்த்துவிடுகிறார்கள். தடியும் விசிலும் அளவு டேப்பும் வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னேன், சிரித்தார்கள். பிறகு பூநாரைகளைப் பற்றி இரண்டு கேள்வி. பம்பாயில் இது வழக்கம். கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் மாதிரி, சதுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் பூநாரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பறவை நிற்கிற சேற்றைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "சார், உங்கள் தவறால் ஏதாவது வழக்கு தோற்றிருக்கிறதா?" என்று மராத்தியில் கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. "ஒரே ஒரு வழக்கு தோற்றது. சாட்சி பிறழ்ந்துவிட்டார்" என்றேன். இத்தனை வருடமாக யார் கேட்டாலும் நான் சொல்லும் வாக்கியம் அது. அந்தப் பெண் அதை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் குனிந்து எழுதியதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பொய்யை இன்னொரு தலைமுறைக்குப் பாடமாகக் கொடுத்துவிட்டேனே என்று இருந்தது. அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தாராவியில் பிறந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் ஷெட் வேலைக்கு வந்தவர். முனிசிபல் பள்ளியில் மராத்தி படித்தேன். அந்த மராத்திதான் பின்னால் சோறு போட்டது. வனக்காவலர் வேலை கிடைத்த அன்று தெருவே சிரித்தது. என்னோடு ஒரே பெஞ்சில் படித்த செல்லதுரை, "ஏல ஞானமுத்து, பம்பாயில ஏதுல காடு? மாட்டுங்கா பார்க்ல போயி மரத்த எண்ணப் போறியா?" என்று கேட்டான். அவன் அப்போது மான்குர்த் போகிற சாலையோரம் டயர் பஞ்சர் கடை போட்டிருந்தான். ஊரைச் சிரிக்க வைக்கிற வாய் அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போவான். காணிக்கைப் பை பிடிப்பது அவன்தான்.

பயிற்சி விதர்ப்பாவில், தேக்குக் காட்டில். ஒரு வருடம் புலித் தடத்தை எப்படி அளப்பது, காட்டுத்தீயை எப்படி மறிப்பது என்று படித்தேன். படித்து முடித்ததும் செம்பூரின் கிழக்கு ஓரத்தில், வீடுகள் தீர்ந்து சேறு தொடங்குகிற இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரு காவல் சௌக்கிக்கு அனுப்பிவிட்டார்கள். புலி அளக்கக் கற்றவனுக்கு நண்டு வளை. அங்கிருந்து கடற்கழி ஓரமாக ஆறு கிலோமீட்டர் என் எல்லை. முழுக்க அலையாத்தி மரங்கள். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் அவற்றின் மூச்சுவேர்கள். செருப்போடு நடந்தால் சேறு செருப்பை வைத்துக்கொள்ளும், வெறுங்காலோடு நடந்தால் வேர் காலைக் கிழிக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்த மரத்தைக் கொல்ல கோடரி வேண்டியதில்லை. கடல் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வந்து போக வேண்டும், அவ்வளவுதான் அதற்கு. வருகிற ஓடையின் வாயில் பத்து லாரி கட்டட இடிபாட்டைக் கொட்டி அடைத்துவிட்டால், உள்ளே இருக்கிற மரம் எல்லாம் நின்ற நிலையில் மஞ்சளாகி, இலை உதிர்ந்து, சாம்பல் நிறத்தில் காய்ந்துவிடும். பிறகு "இது காடே இல்லை, தரிசு" என்று காகிதம் கிளம்பும். இடிபாட்டுக்கு இங்கே மலபா என்று பெயர். என் பணிக்காலம் முழுக்க நான் சண்டை போட்டது மலபாவோடுதான். ஞாயிறு, பண்டிகை, கிரிக்கெட் மேட்ச் நாள் என்று ஆள் நடமாட்டம் இல்லாத பட்டப்பகலில்தான் கொட்டுவார்கள்.

எங்கள் ரேஞ்ச் அதிகாரி சாவந்த் சாஹேப். கத்த மாட்டார். திட்ட மாட்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பஞ்சநாமா என்று ஒன்று உண்டு; குற்றம் நடந்த இடத்தை வெளியாள் இரண்டு பேர் முன்னிலையில் பார்த்து, அளந்து, அங்கேயே எழுதி, அந்த இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குகிற அறிக்கை. அந்தச் சாட்சிகளுக்குப் பஞ்ச் என்று பெயர். வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான். நாங்கள் எழுதி வருகிற ஒவ்வொரு பஞ்சநாமாவையும் சாஹேப் சௌக்கிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எங்களையே வாசிக்கச் சொல்வார். வாசிக்கும்போது அவர் எதிர்த்தரப்பு வக்கீல். மற்ற நேரத்தில் எங்களை 'நீ' என்று கூப்பிடுகிறவர், அப்போது மட்டும் 'தாங்கள்' என்பார். அந்தத் 'தாங்கள்' வந்தாலே எங்களுக்கு வியர்க்கும்.

"தாங்கள் வடக்கே ஒரு மரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே எத்தனை மரம்? அதில் எந்த மரம்?"

"தாங்கள் போனபோது தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா?"

"அளக்கப்பட்டது என்கிறீர்கள். யாரால் அளக்கப்பட்டது? தானாகவே அளந்துகொண்டதா?"

மூன்று தடவை நான்கு தடவை சேற்றுக்குத் திருப்பி அனுப்புவார். உடன் வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் கரித்துக் கொட்டுவார்கள். எனக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாள் முழுக்க யாரோடும் பேசாமல் நடந்துவிட்டு வருகிறவனுக்கு, தான் எழுதிய ஒவ்வொரு வார்த்தையையும் ஒருவர் இப்படிக் காது கொடுத்துக் கேட்பது பெரிய விஷயமாக இருந்தது.

ஏனென்றால் அந்த வேலையில் பேச ஆள் கிடையாது. அலுவலகத்தில் நான் 'மதராசி'. கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, ஆனால் டிபன் பிரிக்கிற நேரத்தில் என் டப்பா தனியாகத்தான் இருக்கும். தாராவியிலோ நான் சர்க்கார் ஆள். சேர்ந்து நாலு வருடத்தில், காட்டை வெட்டிப் போட்டிருந்த முப்பது குடிசைகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. போய்ப் பார்த்தால் பாதிப் பேர் நம் ஆட்கள். இடத்தை விற்றவன் எங்கேயோ இருக்கிறான், வாங்கியவர்கள் தகரத்துக்குக் கீழே நிற்கிறார்கள். ஒரு அம்மா என் சட்டையைப் பிடித்து, "தமிழ்க்காரன் வந்துருக்கான், காப்பாத்துவான்னு பாத்தோம், நீதானா தகரத்தப் பிரிக்க வந்த? ஒரு மரத்துக்கு உள்ள மரியாத எங்களுக்கு இல்லையா?" என்று கேட்டாள். சட்டையை விடுவித்துக்கொண்டு அடுத்த குடிசைக்குப் போனேன்.

அந்தச் செய்தி எனக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. கல்யாணப் பத்திரிகைகள் குறைந்தன. தண்ணீர்க் குழாயில் என் மனைவி போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். இரண்டு வருடத்தில் செம்பூரில் ஒற்றை அறை பார்த்துக் குடிபோய்விட்டோம். செல்லதுரை ஒருவன்தான் மாறவில்லை. "கெவர்மென்ட்டு சோறு திங்குத, கெவர்மென்ட்டு வேலயத்தான பாப்ப? வா, டீ குடி" என்பான். சௌக்கியிலிருந்து அவன் கடை பதினைந்து நிமிட நடை. ரோந்து முடிந்ததும் கால் கழுவுவது அவன் கடைக் குழாயில்தான். பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் என் காலைக் காட்டி, "முட்ட வருதா பாரு, எங்க ஓட்டன்னு கண்டுபிடிச்சுருவோம்" என்று வேர் கிழித்த இடத்தைத் தேடுவான். அந்த அரைமணி நேரம்தான் நான் தமிழ் பேசிய நேரம், சிரித்த நேரம்.

பஞ்ச் கிடைப்பது லேசில் நடக்கிற காரியம் இல்லை. ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் நாலைந்து வருடம் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்காகச் செல்லதுரை வந்தான். முதல் இரண்டு தடவை கடையைச் சாத்திவிட்டு என்னோடு சேற்றில் இறங்கினான். மராத்தியில் சுழித்துச் சுழித்து அழகாகக் கையெழுத்துப் போடுவான், அதில் அவனுக்கு ஒரு பெருமை. மூன்றாவது தடவை கடையில் இரண்டு லாரி நின்றது. "நீ பாத்துட்டேல்லா, நான் பாத்த மாதிரிதான். கொண்டா இங்க" என்று எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டுப் போட்டுக் கொடுத்தான். அப்படியே பழகிப்போயிற்று. நான் போய்ப் பார்ப்பேன், அவன் கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவான். டயர் மாற்ற நிற்கிற எவனாவது ஒரு டிரைவர் இரண்டாவது பஞ்ச். குற்றவாளிகள் பெரும்பாலும் அபராதம் கட்டி முடித்துக்கொண்டதால் ஒரு வழக்கும் சாட்சிக் கூண்டுவரை போகவில்லை. மாட்டிக்கொள்ளாத தப்பு கொஞ்ச நாளில் வேலை முறையாகிவிடுகிறது.

இப்போது அந்த வழக்குக்கு வருகிறேன். நான் சேர்ந்து பத்து வருடம் கடந்திருந்தது. என் எல்லையின் தெற்கு முனையில் ஒரு ஓடை கடற்கழியிலிருந்து உள்ளே வரும். அதைச் சுற்றி அடர்ந்த காடு, என் பகுதியிலேயே அதுதான் அடர்த்தி. மீனவர் குடியிருப்பான கோலிவாடாவிலிருந்து மந்தாபாய் என்கிற பெண் தினமும் தண்ணீர் வற்றும்போது அங்கே வந்து சிப்பியும் நண்டும் எடுப்பாள். எனக்கு அப்போது முப்பத்தைந்து என்றால் அவளுக்கு ஐம்பது இருக்கும். பேச்சு அதிகம் கிடையாது. கையை உயர்த்துவாள், நானும் உயர்த்துவேன்.

ஒரு ஞாயிறு அவளே சௌக்கிவரை நடந்து வந்தாள். "தண்ணி வரலை" என்றாள், அவ்வளவுதான். போய்ப் பார்த்தேன். ஓடையின் வாயில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மலபா அணை. மேலே ஒரு டம்பர் லாரி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. விசில் ஊதி ஓடினேன். டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அணைக்கு வெளியே ஏற்றத் தண்ணீர் இடுப்பு உயரத்துக்கு மோதிக்கொண்டு நின்றது. உள்ளே ஈரச் சேறு வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஓடையே இல்லாமல் சிப்பிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

டம்பரை விட்டுவிட்டுப் பஞ்ச் தேடிப் போனால் திரும்பி வருவதற்குள் வண்டி இருக்காது. தனியாக அளப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். டேப்பின் ஒரு முனையைக் கல்லுக்குக் கீழே வைத்துவிட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டும். அன்றைக்குக் கல் நழுவிக்கொண்டே இருந்தது. மந்தாபாய் கூடையைக் கீழே வைத்துவிட்டு, நான் கேட்காமலே வந்து டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டாள். நீளம், அகலம், உயரம், மூன்றுக்கும் அவள்தான் பிடித்தாள். உயரம் பார்க்கும்போது முனை அடிச்சேற்றைத் தொட வேண்டும் என்று இடுப்பளவு இறங்கி நின்றாள். எல்லாவற்றையும் எழுதினேன். எந்தப் பக்கம் எத்தனை மரம், தண்ணீர் எங்கே நின்றது, எல்லாம். டம்பரைப் போலீசிடம் ஒப்படைத்துவிட்டு, சாயங்காலம் செல்லதுரை கடைக்குப் போய்க் கையெழுத்து வாங்கினேன். குஜராத்துக்குப் போகிற ஒரு டிரைவர் இரண்டாவது கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் சாவந்த் சாஹேப் முன்னால் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு கேள்வியும் வரவில்லை. மனதுக்குள் எனக்குக் கர்வம். முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"நல்லா இருக்கு. தாங்கள் டேப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தீர்கள். மறுமுனையை யார் பிடித்தார்?"

"பஞ்ச் செல்லதுரை, சாஹேப்."

"அவர் அங்கே வந்திருந்தார்?"

"வந்திருந்தார்."

மடியிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஞானா, அவர் வந்திருந்தாரா?" என்று திரும்பக் கேட்டார். வக்கீல் குரல் இல்லை, அவருடைய சொந்தக் குரல். அது எனக்குக் கிடைத்த வாய்ப்பு. அணை இன்னும் அப்படியேதான் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் மந்தாபாயையும் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் புதிதாக எழுதியிருக்கலாம். "வந்திருந்தார் சாஹேப்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

வழக்கு விசாரணைக்கு வர மூன்று வருடம் ஆனது. அந்த டம்பரை அனுப்பிய கான்ட்ராக்டர் நல்ல வக்கீலாக வைத்து, வழக்கு முடியும்வரை அந்த இடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று தடை வாங்கிவிட்டான். அணையை உடைக்க என்னிடம் கடப்பாரை இருந்தது, அனுமதி இல்லை. ஒவ்வொரு வாரமும் அங்கே போய் நிற்பேன். முதல் மழைக்குப் பிறகு இலை பழுத்தது. அடுத்த வருடம் சின்ன மரங்கள் போயின. மூன்றாவது வருடம் நடுவில் நின்ற பெரிய மரங்களும் பட்டை உரிந்து வெளுத்துவிட்டன. ஒரு பறவை சத்தம் இல்லாமல், ஒரு நண்டு இல்லாமல், அங்கே நிற்பது பிணத்துக்குக் காவல் இருப்பது போலத்தான். மந்தாபாய் வருவதை நிறுத்திவிட்டாள். கேஸ் ஜெயித்தால் அணையை உடைத்து, தண்ணீரை விட்டு, கன்றுகள் நட்டுவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சேறு சாகவில்லை, தண்ணீர் வந்தால் பிழைக்கும் என்று நிஜமாகவே நம்பினேன்.

குஜராத் டிரைவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மிச்சம் செல்லதுரைதான். சாட்சி சொல்வதற்கு முதல் நாள் கடைக்குப் போய் அளவுகளை எல்லாம் ஒப்பிக்க வைத்தேன். சொன்னான். பிறகு, "ஏல, எனக்கு ஒருக்கா அந்த எடத்தக் காட்டு. பாக்காம எப்படிச் சொல்ல?" என்றான். கூட்டிக்கொண்டு போனேன். அணை மேல் நின்று அந்தச் செத்த காட்டை வெகுநேரம் பார்த்தான். "இம்புட்டு மரமா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் கோர்ட்டு. சத்தியம் செய்தான். அரசு வக்கீல் கேட்டதற்கு எல்லாம் சரியாகச் சொன்னான். எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், சிரித்த முகம்.

"அளந்தபோது டேப்பின் மறுமுனையை நீங்கள்தானே பிடித்தீர்கள்?"

செல்லதுரை என்னைப் பார்த்தான். அதை மட்டும் நான் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. "எந்த டேப்?" என்றான்.

வக்கீல் காகிதத்தைக் கீழே வைத்தார். "சரி, அது போகட்டும். அந்த இடத்தை நீங்கள் முதன்முதலில் பார்த்தது எப்போது?"

செல்லதுரை மறுபடி என்னைப் பார்க்கவில்லை. மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னான்: "நேத்து, சாஹேப்."

அரசு வக்கீல் எழுந்து, சாட்சி பிறழ்ந்துவிட்டதாகப் பதிவு செய்யச் சொன்னார். பதிவானது. கான்ட்ராக்டர் விடுதலை. வெளியே வந்ததும் செல்லதுரை, "ஏல, கேட்டான், வாய் அதத்தான் சொல்லுச்சு. நான் என்ன செய்ய?" என்றான். ஸ்டேஷன்வரை பத்தடி இடைவெளியில் நடந்தோம். ஒரே ரயிலில் வேறு வேறு பெட்டியில் ஏறினோம். அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் அவனோடு நான் பேசவில்லை.

அணை இப்போது இல்லை, அதற்கு மேலும் மண் கொட்டிச் சமமாக்கி, கன்டெய்னர் லாரிகள் நிற்கிற இடமாகிவிட்டது. அந்தச் சாலையில் பஸ்ஸில் போனால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். மந்தாபாய் செம்பூர் மார்க்கெட்டில் அடுத்தவர் மீனை வாங்கி விற்கத் தொடங்கினாள். ஒரு நாள் கேட்டாள்: "உன் டேப்ப நான்தான பிடிச்சேன். என்னை ஏன் கூப்பிடல?" உனக்குக் கையெழுத்துப் போட வராதே என்றேன். கட்டை விரலைக் காட்டினாள். கைநாட்டு செல்லும் என்று எனக்குத் தெரியாதா? அவளைச் சாட்சி என்று நான் நினைக்கவே இல்லை, அதுதான் உண்மை. சேற்றில் நிற்கிற ஒருத்தியைச் சேற்றோடு சேர்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன்.

சாவந்த் சாஹேப் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் பஞ்சநாமாக்களை வாசிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டார். நீட்டினால் வாங்கி நேராகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். மற்றவர்களை உட்கார வைத்து, "தாங்கள்... தாங்கள்..." என்று வதைக்கிற சத்தம் உள்ளே இருந்து கேட்கும். அவர் ஓய்வு பெறும்வரை அப்படித்தான்.

இதெல்லாம் கூட என் வேலையோடு போயிற்று. செல்லதுரைக்கு நடந்ததுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது. தீர்ப்பு வந்த வாரம் சௌக்கியில் ஒருவன், "உன் ஆள் எவ்வளவு வாங்கினானாம்?" என்று கேட்டான். நான் இல்லை என்று சொல்லவில்லை. உதட்டைப் பிதுக்கிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. கான்ட்ராக்டரிடம் கை நீட்டிவிட்டான் என்று பேச்சு கிளம்பித் தாராவிக்குப் போனது. சபையில் அவனைக் காணிக்கைப் பை பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "ஞானமுத்துகிட்டயே கேளுங்க" என்று அவன் சொன்னதாகவும், இரண்டு மூப்பர்கள் என்னைத் தேடி வந்து வாசலில் நிற்பதாகவும் என் மனைவி சொன்னாள். நான் அப்போது வீட்டில்தான் இருந்தேன். ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னேன். அவள் சொல்லிவிட்டு வந்து, அன்றைக்கு என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

சேற்றில் தனியாக நடந்தபோது கூட எனக்கு இவ்வளவு தனிமை இருந்ததில்லை. கால் கழுவ வேறு குழாய் கிடைத்தது, தமிழ் பேசத்தான் இடம் கிடைக்கவில்லை. மனைவி இறந்த பிறகு வீட்டிலும் பேச்சு நின்றுவிட்டது. துக்கத்துக்குச் செல்லதுரை வரவில்லை. அவன் மகன் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, அப்பாவைத் தன்னோடு ஐரோலிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டதாகச் சொல்லி, விலாசத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போனான்.

பயிற்சி வகுப்பு முடிந்ததும் சால்வை போட்டு அனுப்பினார்கள். வெளியே வந்து ஆட்டோவில் அந்த விலாசத்தைச் சொன்னேன். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. மூன்றாவது மாடி. அவனே கதவைத் திறந்தான். முழங்கால் வளைந்துவிட்டது, தலை முழுக்க நரை. என்னையும் சால்வையையும் பார்த்தான். "வா" என்றான்.

எதிரெதிரே உட்கார்ந்தோம். பேத்தி வந்து ஹிந்தியில் யார் என்று கேட்டாள். "ஸ்கூல்ல கூடப் படிச்சவன்" என்று ஹிந்தியிலேயே சொல்லி அனுப்பினான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். "இன்னைக்கு ஒரு பொண்ணு கேட்டுச்சு, உங்க தப்பால கேஸ் தோத்திருக்கான்னு. சாட்சி பிறழ்ந்துட்டார்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"இன்னைக்குமா?"

"இன்னைக்கும்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தப்பு என்னுடையது, டேப்பைப் பிடித்தது மந்தாபாய், நீ ஒரு பைசா வாங்கவில்லை, எல்லாவற்றையும் தமிழில் எழுதி, தமிழ்ச் சங்க மலரில் போடப்போகிறேன், நம் தெருவில் எல்லோரும் வாசிப்பார்கள் என்றேன்.

"தெருவுல தமிழ் வாசிக்க யாரு இருக்கா இப்பம்? பை பிடிக்க வேண்டாம்னு சொன்ன மூப்பரு ரெண்டு பேரும் செத்துப் போனாவ" என்றான். கோபம் இல்லாமல்தான் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. நான் அன்னைக்குக் கூண்டுல ஏறிப் பொய் சொல்லியிருந்தா, இந்த இருபத்தாறு வருசமும் நீ எங்கூடப் பேசிக்கிட்டு இருந்திருப்ப. இல்லையால?"

தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆமா" என்றேன்.

தலையை ஆட்டினான். "எழுதப்போறேன்னு சொல்லுதேல்லா. அதையும் சேத்து எழுது."

எழுதிவிட்டேன்.